பழைய தமிழ் நூல் ஒன்றை இணையத்தில் ஏற்றுவது எப்படி

பீரோவில் கிடக்கும் ஒரு பழைய புத்தகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, டெலிகிராம் குழுவில் போட்டுவிட ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அந்தக் கோப்பைத் தேடுபொறி காணாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு சொல்லும் பேசாது. எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம் விடுபட்டது, உரிமை யாருடையது என்று அதைப் பார்ப்பவருக்குத் தெரியாது. குழு மூடப்பட்டால் கோப்பும் போயிற்று. இங்கே சொல்லும் வழிக்கு ஒரு மாலை போதாது, சில வாரம் பிடிக்கும். முடிவில் கிடைப்பது தேடக்கூடிய, கேட்கக்கூடிய, எவரும் தயக்கமின்றி எடுத்தாளக்கூடிய நூல்.

வேலையின் வரிசை முக்கியம்: முதலில் உரிமை, பிறகு படம், அதன்பின் எழுத்து. பெரும்பாலோர் படத்தில் தொடங்குகிறார்கள். முந்நூறு பக்கம் எடுத்து முடித்தபின் ‘உரிமை இன்னும் தீரவில்லை’ என்று தெரியும்போது, உழைப்பு வீணாகக் கூடாதே என்ற எண்ணத்தில் எப்படியாவது ஏற்றிவிடத் தோன்றும். அந்த இடத்தில் நின்று யோசிக்கும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

உரிமைக் கணக்கு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஆசிரியர் உயிரோடிருந்தபோது வெளியான நூலுக்கு அவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. இறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து எண்ண வேண்டும். மறைமலையடிகள் 1950இல் காலமானார். 1951 தொடங்கி 60 ஆண்டு, 2010 முடிய. 2011 ஜனவரி 1 முதல் அவர் நூல்கள் பொதுவுரிமை, அதாவது யாரையும் கேட்காமல் எவரும் எடுத்தாளலாம். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு. ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக அச்சேறிய நூலுக்கும், ஆசிரியர் பெயரே இல்லாத நூலுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60. புனைபெயர் நூலுக்கும் இதுவே விதி. ஆனால் அந்தக் காலத்துக்குள் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று வெளிப்பட்டுவிட்டால் ஆயுள் கணக்குக்குத் திரும்பிவிடும். நம் எழுத்தாளர்களின் புனைபெயர்களில் பலவும் ஊரறிந்தவை என்பதால் இந்தச் சலுகையை நம்பி இறங்க வேண்டாம்.

நூலின் முதல் பக்கத்தில் ‘காபிரைட் ரிஜிஸ்டர் செய்யப்பட்டது’, ‘இதனை அச்சிடுவோர் தண்டனைக்குள்ளாவர்’ என்றெல்லாம் மிரட்டல் இருக்கும். காலம் முடிந்துவிட்டால் அந்த வரிக்கு இன்று மதிப்பில்லை. அதேபோல் ‘உரிமை ஆசிரியருக்கே’ என்று எங்குமே போடவில்லை என்பதால் உரிமை இல்லாமலும் போகாது.

நூல் என்பது ஒரே பண்டம் அல்ல என்பதுதான் அடிக்கடி மறக்கப்படுகிறது. மூலம், உரை, முன்னுரை, மொழிபெயர்ப்பு, ஓவியம், அட்டைப்படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள். திருக்குறளுக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் 1974இல் மறைந்த மு. வரதராசனின் தெளிவுரை, ஆயுள் கணக்குப்படி 2034 முடியும்வரை உரிமைக்குள் இருக்கும். கல்கி 1954இல் மறைந்தார். பொன்னியின் செல்வனின் எழுத்துக்கு 2014ஓடு ஆயுள் கணக்கு தீர்ந்தது. அதற்கு முதலில் படம் வரைந்த மணியம் மறைந்தது 1968இல். எனவே அந்த ஓவியங்களுக்கு 2028 முடியவேண்டும். எழுத்தை ஏற்றலாம், படம் உள்ள பக்கத்தில் படத்தை மறைத்துவிட்டு ஏற்ற வேண்டும். அண்மைய மறுபதிப்பைப் படியெடுக்கும்போதும் இதே எச்சரிக்கை: பழைய கவிதை பொதுவுரிமையாக இருக்கும், அதற்குப் பேராசிரியர் ஒருவர் 2005இல் எழுதிய அணிந்துரையும் அருஞ்சொற்பொருளும் இராது. முடிந்தால் பழைய பதிப்பையே தேடிப் பிடியுங்கள்.

ஆசிரியர் இறந்த ஆண்டு தெரியவில்லை என்றால்? பிந்தைய பதிப்புகளின் முன்னுரைகளில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் எப்போது வருகிறது என்று பார்த்தால் ஓர் எல்லை கிடைக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் ஆகியவற்றின் பட்டியல்களைத் தேடுங்கள். சில பட்டியல்களில் ஆசிரியர் பெயருக்கு அருகே பிறப்பு–இறப்பு ஆண்டு இருக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஊகித்து ஓர் ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். விக்கிப்பீடியாவின் பொதுக் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் இதற்கென ஒரு நடைமுறை இருக்கிறது: இறந்த ஆண்டு தெரியாத படைப்பு உருவாகி 120 ஆண்டு கடந்திருந்தால் பொதுவுரிமை என்று கொள்வார்கள்.

வெளியான ஆண்டைக் கண்டுபிடிப்பதும் சில சமயம் தனி வேலைதான். ‘பிலவ வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1902ஆகவும் இருக்கலாம், 1962ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் இரண்டுக்கும் அதே பெயர். அச்சுக்கூடத்தின் பெயர், விலை (அணாவா, நயா பைசாவா), எழுத்து வடிவம் மூன்றையும் வைத்துத் தீர்மானிக்கலாம். நயா பைசா 1957இல்தான் வந்தது. சக ஆண்டோடு 78ஐயும், கொல்லம் ஆண்டோடு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வரும். ஆண்டின் கடைசி மாதங்களில் ஒன்று முன்பின்னாகும். திருவள்ளுவர் ஆண்டென்றால் 31ஐக் கழிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கே உரிய நல்ல வழி ஒன்று உண்டு: நாட்டுடைமை. அரசு ஆசிரியரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. பாரதியார் படைப்புகளில் தொடங்கிய வழக்கம் இது. நாட்டுடைமையான நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். ஆகவே உங்கள் ஆசிரியர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நூல் ஏற்கெனவே அங்கே இருக்கவும் கூடும். அப்படியிருந்தால் மறுபடி படமெடுக்காமல் நேராக மெய்ப்புப் பார்க்கும் (அசலோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும்) வேலைக்குப் போய்விடலாம்.

நாடு மாறினால் கணக்கும் மாறும்

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டப்படி ஆயுளோடு 70 ஆண்டு. விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார். இந்தியக் கணக்கில் 2008 தொடக்கத்திலேயே தீர்ந்த உரிமை, இலங்கைக் கணக்கில் 2018இல்தான் தீர்ந்தது. சிங்கப்பூரிலும் 70, மலேசியாவில் 50. ஈழத்து நூல் கையில் இருந்தால் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் முதலில் தேடுங்கள். 2005 முதல் இயங்கும் அதில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் பெருந்திரளாக இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த பிறகு, தனியார் வீட்டில் இருக்கும் ஒரே படிக்கு எவ்வளவு கனம் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பை விக்கிமீடியா காமன்ஸில் வைக்க விரும்பினால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தாய்நாட்டிலும் அமெரிக்காவிலும் உரிமை தீர்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அமெரிக்காவில் வெளிநாட்டு நூல்களுக்கு 1996 ஜனவரி 1 அன்று தாய்நாட்டில் உரிமை இருந்ததா என்று பார்ப்பார்கள். இருந்திருந்தால் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. இந்தியாவில் 1991 வரை ஆயுளோடு 50 ஆண்டாக இருந்து, பின்னர் 60 ஆனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சுருக்க விதி: 1940 அல்லது அதற்குமுன் இறந்த ஆசிரியர், அவர் காலத்திலேயே வெளியான நூல் என்றால் சிக்கலே இல்லை. வ.உ.சி. 1936, பாரதி 1921. 1942இல் மறைந்த உ.வே.சா.வின் பெயர் இந்த எல்லைக்குச் சற்று வெளியே விழுகிறது. அவருடைய 1892 சிலப்பதிகாரப் பதிப்புக்கும் 1894 புறநானூற்றுக்கும் 95 ஆண்டு எப்போதோ கடந்துவிட்டதால் கவலையில்லை. அவர் கடைசிக் காலத்தில் எழுதியவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முடிச்சு அவிழாத நூலைக் காமன்ஸில் திணிக்காமல், இந்தியாவிலேயே இயங்கும் மின்னூலகம் ஒன்றுக்குக் கொடுப்பது மேல்.

உரிமை தீராத நூலுக்கு இசைவு வாங்குவது

கேட்டால் கொடுப்பவர்கள் நிறையப் பேர். மறுபதிப்பு காணாத நூல், மறைந்த தந்தையின் பெயர் மறுபடி வெளிவருகிறது என்ற மகிழ்ச்சி. ஆனால் ‘தாராளமா போட்டுக்குங்க தம்பி’ என்று தொலைபேசியில் சொன்னது இசைவு ஆகாது. எழுத்தில் வேண்டும், எல்லா வாரிசுகளும் ஒப்பமிட வேண்டும். ஒரு மகன் மட்டும் ஒப்பமிட்டு, இரண்டு வருடம் கழித்து மகள் ஆட்சேபித்து, நூல் இறக்கப்படுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு.

அடுத்து, உரிமை குடும்பத்திடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம் கிடைத்தால், அதில் காலவரையறை இருக்கிறதா என்று தேடுங்கள். சட்டத்தின் 19ஆம் பிரிவில் 1994இல் சேர்ந்த விதிப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கே செல்லும்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. அதற்கு முந்தைய ஒப்பந்தமென்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

‘(நூலின் பெயர், முதற்பதிப்பு ஆண்டு) என்னும் நூலின் ஆசிரியர் (பெயர்) அவர்களின் சட்டப்படியான வாரிசுகள் நாங்கள் (எண்ணிக்கை) பேர். இந்நூலின் பதிப்புரிமை எங்களிடமே உள்ளது. இதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல்–அதேமுறை பகிர்வு 4.0 உரிமத்தில் வெளியிட இசைகிறோம். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் எவரும் விற்பனை உட்பட எந்தப் பயனுக்கும் இதைப் படியெடுக்கலாம், மாற்றலாம் என்பதையும், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அறிவோம்.’

கடைசி வாக்கியத்தைச் சன்ன எழுத்தில் ஒளிக்காதீர்கள். ‘வேறு யாரோ அச்சடித்து விற்றாலும் உங்களுக்குப் பணம் வராது, சம்மதமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். தயங்கினால், விற்பனைக்கு இடந்தராத உரிமத்தைச் சொல்லுங்கள். அது விக்கிமீடியாவின் கட்டற்ற நூலகமான விக்கிமூலத்தில் செல்லாது, ஆனால் வேறு மின்னூல் தளங்களில் செல்லும். புரியாமல் கொடுத்த இசைவு பின்னால் சண்டையாகத்தான் முடியும்.

பொது நூலகத்தில் பணிபுரிவோருக்கு ஒரு குறிப்பு. 2012 திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. சேமிக்கலாம் என்றால் இணையத்தில் திறந்துவிடலாம் என்று பொருளல்ல. அதே திருத்தம், அச்சு நூலைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக உரிமையுள்ள நூலையும் அணுகத்தக்க வடிவில் மாற்றித்தர வழிவிடுகிறது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. உரிமை தீராத நூலை ஒரு பார்வையற்ற மாணவருக்காக எழுத்தாக்கித் தருவது குற்றமில்லை. அதையே எல்லோருக்கும் பொதுவில் போட்டால் குற்றம்.

படமெடுப்பது

ஸ்கேனரின் மூடியை அழுத்தி மூடிப் பழைய புத்தகத்தைப் படியெடுக்காதீர்கள், முதுகு உடையும். மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான நூல்கள் அமிலம் ஏறி அப்பளம்போல் நொறுங்கும். கைப்பேசியே போதும். 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி. டெம்மி அளவுப் பக்கத்தின் உயரம் 21.5 செ.மீ., அதாவது ஏறத்தாழ எட்டரை அங்குலம். ஒரு பக்கம் படச்சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு 470 புள்ளி வரும், ஓரம் கொஞ்சம் விட்டாலும் 400 தேறும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்தால் 320 சொச்சத்துக்கு இறங்கிவிடும். பெரிய எழுத்துக்கு 300 போதும். அடிக்குறிப்பும் உரையும் பொடி எழுத்தில் உள்ள நூலுக்கு 400க்குக் குறையக் கூடாது. ஆகவே பக்கத்துக்கு ஒரு படம்.

கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கையில் பிடித்து எடுத்தால் ஐம்பதாவது பக்கத்தில் கை தளர்ந்து ஒவ்வொரு படமும் ஒரு கோணத்தில் வரும். இரண்டு மேசை விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வையுங்கள். தலைக்குமேல் இருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அது கண்ணாடியில் பளிச்சிடும். புத்தகத்தை முழுதாக விரிக்காமல், துண்டைச் சுருட்டி இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, பாதி திறந்த நிலையில் வைத்து, முதலில் வலப்பக்கங்கள் எல்லாவற்றையும், பிறகு திருப்பி வைத்து இடப்பக்கங்களையும் எடுங்கள். பக்கம் வளைந்து எழும்பினால் 3 மி.மீ. கண்ணாடித் துண்டைப் பக்கத்தின்மேல் மெல்லச் சாய்த்துப் பிடிக்கலாம். அதன் விளிம்பு தீட்டப்பட்டிருக்க வேண்டும்.

மெல்லிய காகிதத்தில் மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும். பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகுங்கள், பெரும்பகுதி மறைந்துவிடும். வெள்ளைத் தாள் வைத்தால் நிழல் கூடும். கையுறை வேண்டாம், துணியுறை போட்ட விரலுக்குக் காகிதத்தின் ஓரம் தெரியாது, கிழிக்கும். சுத்தமான உலர்ந்த கையே நல்லது. பூச்சி இருந்தால் மருந்து அடிக்காதீர்கள்.

கேமராவில் வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். ஆவணம் எடுக்கும் செயலிகளைத் தவிர்த்து, கைப்பேசியின் சாதாரண கேமராவையே பயன்படுத்துங்கள். அந்தச் செயலிகள் படத்தைத் தாமாகவே கறுப்பு வெள்ளையாக்கிக் கூர்மைப்படுத்தும். பிறகு திரும்பப் பெற முடியாது.

பக்கம் விடுபட்டதா என்று அப்போதே பாருங்கள். பக்க எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம், பழைய அச்சில் எண்ணே தவறாக விழுந்திருக்கும். பாரக் கணக்கு உதவும் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கத் தொகுதிதான் பாரம்): பதினாறு பக்கப் பாரமென்றால் 1, 17, 33, 49 என்று ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் ஒரு சிறிய எண்ணோ எழுத்தோ இருக்கும். அந்த வரிசை அறுந்தால் ஒரு பாரமே புத்தகம் கட்டும்போது விட்டுப்போயிருக்கிறது. அட்டை, வெற்றுப் பக்கம், பின்னட்டையில் உள்ள புத்தக விளம்பரம் எல்லாவற்றையும் எடுங்கள். அந்த விளம்பரத்தில்தான் பல நூல்களின் வெளியான ஆண்டுக்குத் துப்பு கிடைக்கிறது. கோப்புகளுக்கு 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயர் வையுங்கள். 1, 2 என்று வைத்தால் கணினி 1, 10, 100 என்று அடுக்கும்.

புள்ளியைக் காப்பாற்றுவது

படங்களைச் சீராக்க ஸ்கேன் டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருள் போதும். திசை திருத்தல், பக்கம் பிரித்தல், சாய்வு நீக்கல், உள்ளடக்கம் தேர்தல், ஓரம், வெளியீடு என்று ஆறு படி. முதல் ஐந்தும் பெரும்பாலும் தானே நடக்கும், ஆனால் நான்காவதில் பக்க எண்ணையும் அடிக்குறிப்பையும் வெட்டிவிடாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆறாவதில்தான் தமிழுக்கு ஆபத்து. கறுப்பு வெள்ளை வெளியீட்டில் ‘கறை நீக்கு’ என்றொரு வசதி உண்டு. தூசியை நீக்குவதற்காக வைத்தது. அதற்குத் தூசியும் தெரியாது, மெய்யெழுத்தின் புள்ளியும் தெரியாது. வன்மையான அளவில் வைத்தால் ‘கல்’ ‘கல’ ஆகும், ‘மண்’ ‘மண’ ஆகும். பக்கம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பொருள்தான் போயிருக்கும். அதை அணைத்துவிடுங்கள், அல்லது ஆகக் குறைந்த அளவில் வைத்து நான்கு பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல்நிற வெளியீடே பாதுகாப்பானது. கோப்பு மூன்று மடங்கு பெரிதானாலும் பரவாயில்லை.

பிடிஎஃப் ஆக்கும்போது இன்னொரு கண்ணி. ஜேபிக்2 என்னும் சுருக்க முறையின் இழப்புள்ள வகை, ஒத்த தோற்றமுள்ள வடிவங்களை ஒன்றாகக் கருதி ஒரே படத்தை எல்லா இடத்திலும் ஒட்டும். 2013இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேன் இயந்திரங்கள் சில, ஆவணத்தில் 6ஐ 8 ஆக மாற்றியது இதனால்தான் என்று ஜெர்மன் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் காட்டினார். மங்கலாகத் தெரிந்திருந்தால் சந்தேகம் வரும். இது தெளிவான தவறான எழுத்தைக் காட்டும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. தமிழில் ரகரமும் துணைக்காலும், எகரமும் ஏகாரமும் எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. இழப்பற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

அசல் படங்களை அழிக்காதீர்கள். 240 பக்க நூலுக்கு ஒரு ஜிபி வரும். வட்டின் விலையைப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. வேறு வேறு இடத்தில் இரண்டு படி வையுங்கள்.

எழுத்தாக்கமும் மெய்ப்பும்

படத்தில் உள்ள எழுத்தைத் திருத்தக்கூடிய கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்தான் எழுத்துணரி (ஓசிஆர்). அதற்கு இரண்டு வழி: கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறப்பது, அல்லது டெசராக்ட் என்ற கட்டற்ற கருவியை உங்கள் கணினியிலேயே ஓட்டுவது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய அச்சு என்றால் இரண்டுமே நன்றாகத் தரும். அதற்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் பழைய வடிவில், ஐகாரம் யானைத்துதிக்கையோடு வரும். எழுத்துணரி இங்கேதான் இடறும். எந்தெந்த எழுத்தை எதுவாகப் படிக்கிறது என்று முதல் பத்துப் பக்கத்தில் குறித்துக்கொண்டால், மீதியில் பாதிப் பிழையைத் தேடல்–மாற்றல் வழியே திருத்திவிடலாம். அகராதி போன்ற இரண்டு பத்தி நூல்களைப் பத்தி பத்தியாக வெட்டிவிட்டே கொடுங்கள். இல்லையேல் இடப்பத்தியின் முதல் வரியும் வலப்பத்தியின் முதல் வரியும் ஒரே வரியாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்தான் கொடியவை. ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து ‘கெளரவம்’ என்று விழும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது, தேடுபவருக்குச் சொல் கிடைக்காது. தனியே நிற்கும் துணைக்கால் ரகரமாகவும், ரகரம் துணைக்காலாகவும் மாறும். ‘ஸ்ரீ’ என்பதை இருவேறு எழுத்துகளைக் கொண்டு தட்டலாம், திரையில் ஒன்றுபோலவே தெரியும். தமிழ் எண் ௧ ககரமாகவும், ௨ உகரமாகவும், ௭ எகரமாகவும் படிக்கப்படும். பாட்டெண்ணில் இது நேர்ந்தால் எரிச்சலோடு போகும். சித்த மருத்துவ நூலில் சரக்கின் அளவில் நேர்ந்தால்? பாதரசமும் கெந்தகமும் வரும் பக்கங்களில் எடை, அளவு, நாள்கணக்கு எல்லாவற்றையும் அசலோடு இருவர் ஒப்பிட வேண்டும்.

விக்கிமூலத்தின் அமைப்பு இதற்கென்றே செய்தது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் அசல் பக்கத்தின் படம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. நாளுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் 240 பக்க நூல் ஒரு மாதத்தில் மஞ்சளாகும். வேகமாகப் பார்ப்பதில் பயனில்லை. கண் பழகிய சொல்லைத் தானே நிரப்பிக்கொண்டு போகும்.

திருத்தக் கூடாதவற்றைத் திருத்தாதிருப்பது பெரிய ஒழுக்கம். ‘வியாஸம்’ என்று இருந்தால் ‘கட்டுரை’ ஆக்காதீர்கள். சந்தி விட்டிருந்தால் போடாதீர்கள். ஆசிரியர் பெயருக்குப் பின்னுள்ள சாதிப்பட்டம், இன்று நமக்குக் கசக்கும் ஒரு வசை, அன்றைய அரசியல் தாக்குதல், எதையும் மென்மையாக்காதீர்கள். அந்தக் காலம் எப்படிப் பேசியது என்பதை அறியத்தான் ஆய்வாளர் அங்கே வருகிறார். வெளிப்படையான அச்சுப்பிழையென்றால் அசலையும் திருத்தத்தையும் சேர்த்துக் காட்டும் வார்ப்புரு (ஆயத்தக் குறியீடு) விக்கிமூலத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எதை ஏற்றக் கூடாது, எதைச் சொல்லியே ஆகவேண்டும்

புத்தகத்துக்குள் புத்தகமல்லாதவை இருக்கும். பழைய நூலின் முகப்பில் அச்சான ‘கையொப்பமிட்டு உதவியோர்’ பட்டியல் நூலின் பகுதி, வரலாற்றுச் சான்று, அது இருக்கட்டும். ஆனால் ஓரத்தில் பென்சிலால் எழுதிய கடன் கணக்கு, இடையில் செருகிய கடிதம், சாதகக் கட்டம், தொலைபேசி எண் ஆகியவை எழுதியவர் உலகத்துக்குக் காட்ட எழுதியவை அல்ல. செருகல்களை எடுத்துவிட்டுப் படமெடுங்கள். உரையாசிரியர் ஒருவரின் கைப்படக் குறிப்பு என்று தோன்றினால் குடும்பத்தைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். குடும்பத்திலேயே கைமாறி வந்த வைத்திய ஏடும் அப்படித்தான். ஏடு நூற்றாண்டு பழையது என்பதால் சட்டம் தடுக்காது என்றாலும், பார்க்கக் கொடுத்தவர் பரப்பவும் கொடுத்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பெயரையோ குழுவின் சின்னத்தையோ ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் நீர்க்குறியாக அடிக்காதீர்கள். இயந்திரத்தில் படியெடுத்ததால் புதிய உரிமை எதுவும் பிறப்பதில்லை. எழுத்துணரிக்கு மட்டும் இடைஞ்சல் பிறக்கும். பெயர் வேண்டுமென்றால் விவரக் குறிப்பில் போதும்.

அந்தக் குறிப்பில் இருக்கவேண்டியவை: முகப்புப் பக்கத்தில் உள்ளபடியே தலைப்பு, ஆசிரியரும் அவர் வாழ்ந்த ஆண்டுகளும், பதிப்பித்தவர், அச்சுக்கூடம் (பல பழைய நூல்களில் இது பதிப்பகம் அல்ல), ஊர், ஆண்டு, எத்தனையாம் பதிப்பு, படி எங்கிருந்து வந்தது, எந்த அடிப்படையில் உரிமை தீர்ந்தது. விடுபட்ட பக்கங்களைத் தெளிவாக எழுதுங்கள்: ‘பக்கம் 113–128 இப்படியில் இல்லை’. இந்த ஒரு வரியைப் பார்த்து வேறொருவர் தன் வீட்டுப் படியிலிருந்து அந்தப் பதினாறு பக்கத்தை அனுப்பியதுண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஏற்றும்போது மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். அங்குள்ள எழுத்துணரி அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. வேறு மொழி இருந்தால் பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து வரும். காமன்ஸில் கோப்பு 100 எம்பிக்கு மேல் போனால் அடிப்படைப் படிவம் ஏற்காது, துண்டு துண்டாக ஏற்றும் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

ஏற்றியபின் ஒருநாள் ‘இது என் பாட்டனாரின் நூல், யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?’ என்று மடல் வரலாம். வாதாடத் தொடங்காதீர்கள். இறந்த ஆண்டையும் நீங்கள் போட்ட கணக்கையும் காட்டுங்கள். கணக்கு உங்கள் பக்கம் தவறென்றால் அன்றே கோப்பை மறைக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதுங்கள். கணக்கு சரியென்றாலும், ஆசிரியர் பெயரோ ஊரோ பிழையாக இருப்பதாக அவர் சொன்னால் உடனே திருத்துங்கள். அப்படி எழுதுபவர்களிடம் அதே ஆசிரியரின் அச்சேறாத கையெழுத்துப்படியோ, உங்கள் படியில் இல்லாத பக்கங்களோ இருக்க வாய்ப்புண்டு. பதில் மடலில் அதையும் கேட்டுவிடுங்கள்.